ஒரு பெயருக்காக எத்தனை படி ஏறுவது?

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 அன்று வெளியானது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது. நீக்கப்பட்ட சுமார் 97 லட்சம் பெயர்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதே பட்டியலின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன எண் அதிகம் பேர் கண்ணில் படவில்லை. மூன்றாம் பாலினத்தவர்: 7,191 பேர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22,364 பேர். அதில் குழந்தைகளும் அடக்கம். வாக்காளர் பட்டியலில் பெண் என்றோ ஆண் என்றோ பதிந்துகொண்ட திருநர்களும் உண்டு. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. தங்கள் பெயரிலும் பாலினத்திலும் வாக்களிக்க முடிகிறவர்கள் மிகச் சிலர் என்பதையே அது காட்டுகிறது.

வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட கணக்கீட்டுப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது? உங்கள் பெயர் இல்லையென்றால் அப்பா, அம்மா பெயர் எங்கே இருக்கிறது? நம்மில் பலருக்கு இது ஒரு மாலைநேர வேலை. ஊருக்கு ஒரு போன் போட்டால் அண்ணனோ சித்தப்பாவோ பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பதினாறு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கை யாருக்குப் போன் போடுவார்? பழைய பட்டியலில் அவர் இருந்தாலும், அவர் இன்று உச்சரிக்கவே விரும்பாத பெயரில்தான் இருப்பார். உறவினர் வழியாகச் சேரலாம் என்றால், அவரை மகளாக ஏற்காத தகப்பனின் விவரம் வேண்டும். திருநங்கை என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நிலைப்பது கடினம். வரைவுப் பட்டியலில் நீக்கப்பட்டவர்களில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர், இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வந்தவர்கள். அடிக்கடி வீடு மாற நேர்கிறவர்களை அந்தக் கணக்கு முதலில் விழுங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாக்காளர் பட்டியல் ஒரு உதாரணம்தான். அதன் அடியில் இருக்கும் சிக்கல் பழையது. திருநர் ஒருவர் தன் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், அந்தப் பெயரை அலுவலகம் அலுவலகமாகத் தூக்கிச் சுமக்கும் வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டது.

பெயர் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும்?

வாழ்க்கையில் எத்தனை இடத்தில் பெயர் கேட்கப்படுகிறது என்பதை, பெயரில் சிக்கல் இல்லாதவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் கார்டு வாங்க, ரயிலில் பரிசோதகரிடம் அடையாளம் காட்ட, வாடகை ஒப்பந்தம் எழுத, தேர்வு அறைக்குள் நுழைய, மருத்துவமனையில் சீட்டு வாங்க என்று எங்கும் பெயர்தான் முதல் கேள்வி.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலை கட்டி, பூ வைத்து, கூட்டத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். உள்ளே இருந்து ஓர் ஆண் பெயர் உரக்கக் கேட்கிறது. அவர் எழுந்து நடக்கும் அந்தப் பத்தடி தூரத்தில் அத்தனை தலைகளும் திரும்புகின்றன. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அவர் மருத்துவமனைக்குப் போகமாட்டார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

தமிழ்நாடு அரசு திருநங்கையருக்குச் செய்திருப்பவை குறைவல்ல. 40 வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கையருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் உண்டு. மகளிர் உரிமைத் தொகை, உயர்கல்வி பயிலும் மாணவர்களுக்கான உதவித்தொகை ஆகியவற்றிலும் அவர்களுக்கு இடமளிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், நல வாரிய அட்டையில் இன்னொரு பெயர் என்று இருந்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் அவர் இருப்பார். கையில் காசு இருக்காது.

வேலை விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பட்டப்படிப்பு முடித்த திருநங்கை ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வில் வெற்றி பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேரும் நாளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்கிறார்கள். அதில் இருப்பது வேறு பெயர், வேறு பாலினம். விளக்கம் சொல்ல வேண்டும். மனிதவளப் பிரிவில் ஒருவருக்குச் சொன்னது மாலைக்குள் அலுவலகம் முழுக்கப் பரவிவிடும். தன்னைப் பற்றி யாருக்கு, எப்போது சொல்வது என்ற உரிமை அந்த ஒரு தாளால் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது

2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரலாற்றுத் தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி அமர்வு சொன்னதன் சாரம் இதுதான்: ஒருவர் தன் பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் உரிமை உடையவர், அதை ஏற்க அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

அதைத் தொடர்ந்து 2019-இல் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜனவரி 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டில் விதிகளும் வகுக்கப்பட்டன. இணையவழியில் விண்ணப்பிக்கத் தேசிய அளவில் ஒரு தளமும் தொடங்கப்பட்டது.

2020-இல் வகுத்த அந்த விதிகளின்படி நடைமுறை எளிது. உறுதிமொழிப் பத்திரத்துடன் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடல் பரிசோதனை எதுவும் கூடாது. 30 நாட்களுக்குள் அடையாளச் சான்றிதழ் தர வேண்டும். அதைக் காட்டிப் பிற ஆவணங்களில் பெயர், பாலினம், புகைப்படத்தை மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் அந்தந்தத் துறை மாற்றித் தர வேண்டும். மாற்றிய ஆவணத்தில் பழைய ஆவணத்தின் அதே வரிசை எண்ணே இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆண் அல்லது பெண் என்று குறிப்பிடும் திருத்திய சான்றிதழைப் பெறவும், அடையாளச் சான்றிதழோ திருத்திய சான்றிதழோ பெற்றவர்கள் பிறப்புச் சான்றிதழ் உள்ளிட்ட எல்லா அடையாள ஆவணங்களிலும் முதல் பெயரை மாற்றிக்கொள்ளவும் சட்டத்தின் 7-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆணாகவோ பெண்ணாகவோ அறியப்பட விரும்புகிறவரை மருத்துவச் சான்று கேட்டு நிறுத்துவது 2014 தீர்ப்பின் உணர்வுக்குப் பொருந்தாதது என்ற விமர்சனம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அந்த விமர்சனம் நியாயமானது. அறுவை சிகிச்சை எல்லோருக்கும் முடிகிற காரியம் அல்ல. எல்லோருக்கும் தேவையானதும் அல்ல.

அந்தக் குறையை ஒருபுறம் வைத்தாலும், இருக்கிற சட்டம் கொடுத்திருப்பதையாவது முழுமையாகக் கொடுக்கிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.

செக்குமாடு போல ஒரு சுற்று

நடைமுறையில் நடப்பது வேறு. ஆதார் மையத்துக்குப் போனால் அரசிதழ் அறிவிப்பு இருக்கிறதா என்கிறார்கள். அரசிதழில் வெளியிட விண்ணப்பித்தால் பள்ளிச் சான்றிதழ் நகல் கேட்கிறார்கள். பள்ளிச் சான்றிதழை மாற்றப் போனால் பிறப்புச் சான்றிதழில் மாறியிருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டி வா என்கிறார்கள். எங்கே தொடங்கினாரோ அங்கேயே வந்து நிற்கிறார்.

ஒவ்வொரு மேசையில் இருப்பவரும் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்ல. தன் பதிவேட்டில் கைவைக்க அவருக்குப் பயம். இன்னொரு துறை முதலில் மாற்றட்டும் என்று காத்திருக்கிறார். எல்லாத் துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்தால் நடுவில் நிற்கும் மனிதர் என்ன செய்வார்?

மணிப்பூரைச் சேர்ந்த மருத்துவர் பியான்ஸி லைஷ்ராமின் கதை இதற்குச் சரியான சான்று. அவர் படித்தவர், மருத்துவர். அடையாளச் சான்றிதழ் பெற்றார். ஆதார், பான் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் பெயரை மாற்றிக்கொண்டார். ஆனால், மருத்துவப் பட்டத்தில் பெயரை மாற்றக் கேட்டபோது, பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து வரிசையாக மாற்றிக்கொண்டு வாருங்கள் என்ற பதிலே கிடைத்தது. கடைசியில் மணிப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்குப் புதிய பெயரில் கல்விச் சான்றிதழ்கள் வழங்க வேண்டும் என்று 2025-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மருத்துவருக்கே இந்தப் பாடு என்றால், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்கள்?

பிறப்புச் சான்றிதழின் கதையும் அப்படியே. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பிழை திருத்தத்துக்குத்தான் வழி சொல்கிறது; பாலின மாற்றத்தைப் பற்றி அது நினைத்தே பார்க்கவில்லை. கர்நாடகத்தில் இப்படி மறுக்கப்பட்ட ஒருவர் உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2019 சட்டம் சிறப்புச் சட்டம், அதற்கு ஏற்ப 1969 சட்டமும் விதிகளும் திருத்தப்பட வேண்டும், அதுவரை திருத்திய சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. ஆனால், அந்த இடைக்கால ஏற்பாட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தாளில் இருக்கும். வழி திறந்தது, அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

2025 அக்டோபரில், திருநங்கை என்பதால் பள்ளி வேலை பறிக்கப்பட்ட ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 2019 சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் மத்திய, மாநில அரசுகள் காட்டிய மெத்தனத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அவருக்கு இழப்பீடு வழங்கியதோடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு ஒன்றையும் அமைத்தது. சட்டம் போட்டதோடு கடமை முடிந்தது என்று அரசுகள் இருந்துவிட முடியாது என்பதுதான் அதன் செய்தி.

பெயர் மாற்றம் நமக்குப் புதிதல்ல

“பிறந்தபோது வைத்த பெயரை மாற்றலாமா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழர்கள் கேட்கக் கூடாத கேள்வி இது.

வேதாசலம் என்ற பெயரைத் துறந்து மறைமலையானவர் மறைமலை அடிகள். சூரியநாராயண சாஸ்திரி தன்னைப் பரிதிமாற் கலைஞர் என்று அழைத்துக்கொண்டார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநில மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இன்று நம் பெயர்களுக்குப் பின்னால் சாதி இல்லாமல் இருப்பது, ஒரு தலைமுறை தன் பெயரைத் தானே திருத்திக்கொண்டதால் வந்தது.

இந்த மாநிலத்தின் பெயரே போராடிப் பெற்றதுதான். ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பதையும் தன் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்து 76 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து, 1956 அக்டோபர் 13 அன்று உயிர் விட்டார் சங்கரலிங்கனார். 1967-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒவ்வொரு குடிமகனும் வரிசையில் நின்று நிரூபிக்க வேண்டியிருந்ததா? அரசு அலுவலகங்களின் பெயர்ப் பலகைகளும் முத்திரைகளும் தாமாகவே மாறின. மாற்றும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது.

திருநங்கையர் சமூகத்துக்கே இந்த மாநிலம் பெயர் மாற்றியிருக்கிறது. இழிசொற்களால் அழைக்கப்பட்டவர்கள் ‘அரவாணி’ ஆனார்கள். பிறகு கலைஞர் கருணாநிதி ‘திருநங்கை’ என்ற சொல்லை அரசு வழக்குக்குக் கொண்டுவந்தார். 2008 ஏப்ரல் 15 அன்று நாட்டிலேயே முதன்முறையாக இவர்களுக்கு நல வாரியம் அமைந்தது. சமூகத்துக்கு மதிப்பான பெயரைக் கொடுத்த அரசு, அச்சமூகத்தின் தனி மனிதருக்கு அவர் கேட்கும் பெயரை எழுதித் தரத் தயங்கலாமா?

அன்றாட வாழ்க்கையிலும் பெயர் மாற்றம் சகஜம். எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். திருமணமான பெண்கள் முன்னெழுத்தை மாற்றுகிறார்கள். வாரந்தோறும் வெளியாகும் தமிழ்நாடு அரசிதழில் இப்படிப் பெயர் மாறியவர்களின் அறிவிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அவர்களிடம் ‘ஏன்’ என்று யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. திருநர் ஒருவர் வந்து நின்றால் மட்டும் ஆயிரம் கேள்விகள் முளைக்கின்றன.

திருநங்கையர் மரபிலும் பெயருக்குத் தனி இடம் உண்டு. வீடு கைவிட்டவரை, ஜமாத் என்னும் திருநங்கையர் குழுவில் ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்கிறார். புதிய வாழ்க்கைக்குப் புதிய பெயரும் அமைகிறது. திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கைக் கதைக்கு ‘நான், வித்யா’ என்று தலைப்பிட்டார். தன் பெயரை உரக்கச் சொல்வதே ஒரு வாழ்க்கையின் சாதனையாக இருக்கிறது என்றால், அதைத் தடுத்த சமூகம் வெட்கப்பட வேண்டும்.

முன்னெழுத்தும் பெண்கள் பள்ளியும்

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, முன்னெழுத்து. குடும்பப் பெயர் வழக்கம் இல்லாத நமக்குத் தகப்பனாரின் பெயர்தான் முன்னெழுத்து. எந்தப் படிவமும் தந்தை பெயரில்தான் தொடங்குகிறது. அடித்துத் துரத்திய தகப்பனின் பெயரை ஒவ்வொரு முறையும் எழுதிக்காட்டினால்தான் உரிமை கிடைக்கும் என்பது கொடுமை. வளர்த்த தாயின், குருவின் முன்னெழுத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அதற்கு வழி இருக்க வேண்டும்.

இரண்டு, திருநம்பியர். திருநங்கையர் பற்றிப் பேசும் அளவுக்குப் பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவர்கள் போராடிப் பெயரை மாற்றிக்கொண்டாலும், மாற்றுச் சான்றிதழின் தலைப்பில் ‘அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி’ என்று இருக்கும். மீசை வைத்த ஒருவர் அந்தத் தாளை வேலை கேட்டுப் போகும் இடத்தில் நீட்டும்போது அவருடைய முழு வாழ்க்கையும் மேசைமேல் பரப்பப்படுகிறது. ஆகவே, பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஆவணத்தைப் பார்ப்பவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும்.

ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தங்களை அடக்கிக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பாலினக் கட்டத்தை மாற்றக் கேட்பதில்லை. இரு பாலுக்கும் பொதுவான ஒரு பெயரை மட்டும் கேட்கிறார்கள். பெயர் என்பது ஒருவரின் கருத்து வெளிப்பாட்டு உரிமையின் பகுதி என்று, சிபிஎஸ்இ சான்றிதழ்கள் தொடர்பான ஜிக்யா யாதவ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமை எல்லோருக்கும் பொது. பெயரை மாற்ற வருகிறவரிடம் உடலைப் பற்றிய கேள்விகளுக்கு இடமே இல்லை.

மோசடி நடக்காதா?

இப்படி எளிதாக மாற்றவிட்டால் கடன்காரர்களும் குற்றவாளிகளும் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிவிடமாட்டார்களா என்று அதிகாரிகள் சிலர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான், விடையும் கையிலேயே இருக்கிறது.

பெயர் மாறினாலும் ஆதார் எண் மாறுவதில்லை. கைரேகையும் கருவிழியும் மாறுவதில்லை. திருத்திய ஆவணத்தில் அதே வரிசை எண் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வங்கிக்கும் காவல் துறைக்கும் அந்த எண்ணே போதும். ஆதாரில் பெயரை இரண்டு முறை, பாலினத்தை ஒரு முறைதான் மாற்ற முடியும் என்ற வரம்பும் இருக்கிறது. திருமணத்துக்காகப் பெயர் மாற்றும் பெண்ணைக் கடனிலிருந்து தப்பிக்கிறார் என்று யாரும் சந்தேகிப்பதில்லை. அதே நம்பிக்கையை இவர்களுக்கும் கொடுக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2025 ஜூலை 31 அன்று மாநிலத் திருநங்கையர் கொள்கையை வெளியிட்டது. கொள்கை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்புகள் இருக்கின்றன. இனி வேண்டியது நிர்வாக ஆணைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

ஒன்று: மாவட்ட ஆட்சியரின் அடையாளச் சான்றிதழே போதும் என்று எல்லாத் துறைகளுக்கும் ஒரே அரசாணை போக வேண்டும். அதற்கு மேல் அரசிதழ் அறிவிப்போ, பத்திரிகை விளம்பரமோ, பெற்றோர் கையொப்பமோ கேட்கக் கூடாது. பழைய பெயர், புதிய பெயர், முகவரி மூன்றையும் எல்லோரும் பார்க்கும் அரசிதழில் அச்சிடுவது, குடும்பத்தின் வன்முறைக்குத் தப்பி வந்தவருக்கு ஆபத்தாக முடியலாம்.

இரண்டு: மாதம் ஒருநாள், ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் திருநருக்கான ஒற்றைச் சாளர முகாம் நடக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கி, கல்வித் துறை, உள்ளாட்சி ஆகியவற்றின் பணியாளர்கள் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும். மனிதர் மேசை மேசையாக அலையாமல் கோப்பு அலையட்டும்.

மூன்று: அரசுத் தேர்வுகள் இயக்ககமும் பல்கலைக்கழகங்களும், ஒன்று மாறினால்தான் இன்னொன்று என்று வரிசை கேட்பதை நிறுத்த வேண்டும். அடையாளச் சான்றிதழ் கொண்டுவருகிறவருக்குப் புதிய பெயரில், பழைய பெயரின் தடம் இல்லாமல், கட்டணமில்லாமல் சான்றிதழ் வழங்க வேண்டும். பழைய விவரம் இயக்ககத்தின் பதிவேட்டில் இருந்தால் போதும்.

நான்கு: பிறப்பு, இறப்புப் பதிவு விதிகளில் இதற்கென ஒரு தெளிவான பிரிவைச் சேர்க்க வேண்டும். பிறந்த ஊருக்கு நேரில் போகாமல், வசிக்கும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிய வேண்டும்.

ஐந்து: வாக்காளர் பட்டியலில் சேர, பழைய பட்டியலில் உறவினர் விவரம் தர முடியாத திருநருக்கு அடையாளச் சான்றிதழையும் நல வாரிய அட்டையையும் ஆதாரமாக ஏற்க வேண்டும். ஜமாத் தலைவர்கள், தொண்டு அமைப்புகள் வழியாக அவர்கள் வாழும் பகுதிகளுக்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் படிவம் 6, படிவம் 8 ஆகியவற்றுடன் செல்ல வேண்டும்.

ஆறு: முப்பது நாள், பதினைந்து நாள் என்ற கெடுக்களுக்குப் பொறுப்பு வேண்டும். கெடு தாண்டிய விண்ணப்பங்கள் தாமாகவே மேல் அதிகாரியின் பார்வைக்குப் போக வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

ஏழு: மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம் ஆகியவற்றில் ஆவணம் மாறும்வரைகூட, அவர் சொல்லும் பெயரால் அழைப்பதை நடைமுறையாக்க வேண்டும். புறநோயாளிச் சீட்டில் ‘அழைக்கும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒருவரின் பழைய பெயரை வெளியிடும் ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டும்.

இவை அரசின் வேலைகள். நமக்கும் வேலை இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் தலைமை ஆசிரியர்கள் இருப்பீர்கள், வங்கி ஊழியர்கள் இருப்பீர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் பிள்ளையோ, உடன்பிறந்தவரோ வேறு பெயரில் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கவும் கூடும்.

பெற்றோராக இருந்தால், அவர்கள் கேட்கும் பழைய சான்றிதழ் நகலையாவது மறுக்காமல் அனுப்பிவையுங்கள். அலுவலராக இருந்தால், நாளை உங்கள் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து தன் பெயரைச் சொல்லும்போது, முதலில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயரை, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.